ஸ்லெட் நாய்கள் தானாக ஓடுகின்றனவா, நாம் ஓட வைக்கிறோமா?

வாசகர் கேள்வி, 5 நவம்பர் 2023

அலாஸ்காவில் நாய்களைப் பனிவண்டியில் பூட்டி ஆயிரம் மைல் ஓட்டுகிறார்கள். வீடியோ பார்த்தேன், மனசு ஆறவில்லை. எந்த நாய் தானாக ஆயிரம் மைல் ஓடும்? அடித்தோ பட்டினி போட்டோதான் ஓட வைத்திருப்பார்கள். இதற்கு விளையாட்டு என்று பெயர் வேறு. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

5 நவம்பர் 2023, இரவு

எனக்கு அதுதான் வேலையே. வயது 22. அலாஸ்காவில் வில்லோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கெனலில், அதாவது நாய்ப்பண்ணையில், இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். மொத்தம் 34 நாய்கள். முதல் வருடம் ஹேண்ட்லராக வந்தேன், எடுபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 12 நாய் கொண்ட ஓர் அணி என் பொறுப்பில் இருக்கிறது. கெனலின் சொந்தக்காரர் இடிடராட் என்ற அந்த ஆயிரம் மைல் பந்தயத்தைப் பலமுறை ஓடி முடித்தவர். அவரை இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன்.

அடிக்கிறோமா என்று கேட்டீர்கள். எங்களிடம் சாட்டையே கிடையாது. வண்டியைப் பூட்டும் நேரத்தில் ஒருமுறை வந்து நின்று பாருங்கள். நான் ஹார்னெஸை, அதாவது நாயின் உடம்பில் மாட்டும் இழுவை வாரை, கையில் எடுத்த சத்தம் கேட்டாலே போதும், 34 நாயும் ஒரே குரலில் கத்தத் தொடங்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஹார்னெஸ் மாட்டிய நாய் இருந்த இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்பக் குதிக்கும். வண்டியைப் பின்னால் ஒரு மரத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருப்போம், ஸ்னோ ஹூக் என்ற இரும்புக் கொக்கியையும் பனியில் மிதித்து இறக்கியிருப்போம். இரண்டும் இல்லாவிட்டால் 12 நாயும் வண்டியை இழுத்துக்கொண்டு போயே போய்விடும், நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருமுறை அப்படியே நடந்தது. நாலு மைல் நடந்துபோய்ப் பிடித்தேன்.

ஆக, நாயை ஓட வைப்பது இந்த வேலையில் ஒரு வேலையே இல்லை. நிறுத்துவதுதான் வேலை. ஓட மனமில்லாத நாயை யாராலும் ஓட வைக்க முடியாது. 2019 இடிடராட்டில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த நிக்கோலா பெட்டியின் அணி, ஷக்டூலிக் ஊரைத் தாண்டிய பிறகு பனிக்கட்டி மேல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நாயை அவர் அதட்டினார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் மணிக்கணக்கான இடைவெளி இருந்தது. கெஞ்சியும் நாய்கள் அசையவில்லை. அவர் பந்தயத்தை விட்டே விலக வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

7 நவம்பர் 2023

ஒரு நாள் எப்படிப் போகும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

காலை ஆறுக்கு எழுந்தால் முதலில் சூப். வெந்நீரில் இறைச்சித் துண்டும் கொழுப்பும் கொஞ்சம் தீவனமும் கலந்து ஆளுக்கு ஒரு கரண்டி. குளிரில் நாய் வெறுந்தண்ணீர் குடிக்காது, வாசனை இருந்தால்தான் நக்கும். தண்ணீர் இறங்காத நாய் ஓட்டத்தில் தளர்ந்துபோகும், அதனால் சூப் சோற்றைவிட முக்கியம். நான் ஊற்றிக்கொண்டே போகும்போது கூடவே எண்ணிக்கொண்டும் போவேன்: யார் குடித்தார், யார் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு சாணி அள்ளுவது. இதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, ஆனால் நாயின் உடம்பைப் பற்றி முதலில் தகவல் தருவது அதுதான். இளகியிருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, புழு தெரிகிறதா, எல்லாம் அந்த மண்வெட்டியில் தெரியும்.

பிறகு ஓட்டம். ஆகஸ்ட் கடைசியில், வெயில் தணிந்த விடிகாலையில் தொடங்குவோம். அப்போது பனி இருக்காது, ஏடிவி என்ற நாலு சக்கர மோட்டார் வண்டியை இழுக்க விடுவோம். இரண்டு மூன்று மைலில் ஆரம்பித்து நவம்பரில் 20, 30 என்று போகும். ஜனவரிக்குள் ஒவ்வொரு நாயின் கணக்கிலும் ஆயிரம் மைலுக்கு மேல் ஏறியிருக்கும். ஓட்டம் முடிந்ததும் பாதம் பார்க்க வேண்டும், 48 பாதம். மாலைச் சாப்பாடு. இரவு ஹார்னெஸ் தையல்.

சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மர அறை, சாப்பாடு, ஓட்டுவதற்கு நாய். கோடையில் சுற்றுலாப் பயணிகளை வண்டியில் ஏற்றிச் சம்பாதிக்கும் பணம்தான் குளிர்காலச் செலவுக்கு. இடிடராட்டுக்குப் பெயர் கொடுக்க மட்டும் 4,000 டாலர் கட்ட வேண்டும், நாய்த்தீவனம் அதற்கு மேலே. இளையவர்கள் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போவது குளிருக்குப் பயந்து இல்லை, இந்தக் கணக்குக்குப் பயந்துதான்.

9 நவம்பர் 2023

திருத்தம். இன்னொரு இழையில் நாய்க்கு வேர்க்காது என்று எழுதியிருந்தேன். பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், வாசகர் சுட்டிக்காட்டியது சரி. சூட்டை வெளியே விடுவது பெரும்பாலும் மூச்சிரைப்பில்தான். அதனால்தான் மைனஸ் 20 டிகிரியில் இவை சுகமாக ஓடுகின்றன, பூஜ்யத்தைத் தொட்டால் தவிக்கின்றன. வெயில் ஏறிய நாளில் பகலில் படுக்க வைத்து ராத்திரியில் ஓட்டுவோம்.

நாய்களைக் கிளப்ப “மஷ்” என்று யாரும் கத்துவதில்லை. பிரெஞ்சிலிருந்து வந்த பழைய சொல், வண்டி ஓட்டுபவருக்கு மஷர் என்ற பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் திரும்ப “ஜீ”, இடப்பக்கம் திரும்ப “ஹா”. கிளம்புவதற்கு நான் மெதுவாக “சரி” என்கிறேன். என் அணி அதற்குப் பழகிவிட்டது. பெரியவர் என் நாய்களை ஓட்டும்போது அவரும் “சரி” சொல்ல வேண்டியிருக்கிறது.

26 நவம்பர் 2023

சங்கிலியைப் பற்றிக் கேட்ட அண்ணாவுக்கு.

ஆமாம், கட்டித்தான் வைக்கிறோம். ஒரு கம்பம், அதில் சுழலும் வளையம், ஆறடிக்குச் சற்று மேல் நீளமான சங்கிலி, உள்ளே வைக்கோல் போட்ட மரப்பெட்டி வீடு. பக்கத்து நாயைத் தொட்டு விளையாடலாம், சிக்கிக்கொள்ளாது. பெட்டியின் கூரையில் ஏறி உட்காருவதுதான் எல்லாவற்றுக்கும் பிடித்த இடம். வேலி போட்ட திறந்த இடத்தில் குழுக்குழுவாக அவிழ்த்தும் விடுகிறோம். ஆனால் 34 நாய்களை ஒன்றாக விட்டால் ராத்திரியில் சண்டை வந்து ஒன்று சாகும். இது பெரியவர் சொல்லும் காரணம், உண்மையும்கூட.

முதல் வருடம் வந்து இறங்கிய அன்று எனக்கும் உங்களுக்குத் தோன்றியதுதான் தோன்றியது. அது முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஓடும் மாதங்களில் சங்கிலி எனக்குக் கண்ணில் படுவதே இல்லை, நாய் களைத்து வந்து சுருண்டு தூங்குகிறது. ஜூனில்தான் உறுத்துகிறது, வெயிலும் கொசுவும் இருக்கும், ஓட்டம் இருக்காது. எனக்கென்று கெனல் வந்தால் பெரிய கூண்டுகளில் இரண்டிரண்டாக வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். செலவு மூன்று மடங்கு ஆகிறது. இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

10 டிசம்பர் 2023

குட்டிகள் பற்றி எழுதச் சொல்லி இரண்டு தனிமடல் வந்தது. இதற்கு நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுவேன்.

ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு வகைப் பெயர் வைப்பது கெனல் வழக்கம். அப்போதுதான் யார் யாருக்கு உடன்பிறப்பு என்பது மறக்காது. என் அணியில் பாதி சால்மன் ஈற்று: கோஹோ, சாக்ஐ, சம், கிங். அலாஸ்கா ஆறுகளில் ஏறும் சால்மன் வகைகளின் பெயர்கள். ஐந்து வயது ஆகிறது. இளசுகள் தச்சுப்பெட்டி ஈற்று: போல்ட், வாஷர், ஆணி. ஆணி என்பது நான் வைத்த பெயர், இங்கே எல்லோரும் “ஆனி” என்று ஒரு பெண்பெயர் மாதிரிக் கூப்பிடுகிறார்கள். அது ஆண் நாய்.

இவை படத்தில் பார்க்கும் நீலக்கண் சைபீரியன் ஹஸ்கி இல்லை. அலாஸ்கன் ஹஸ்கி. எந்தக் கெனல் சங்கமும் ஜாதி நாய் என்று பதிவு செய்யாத கலப்பு. ஒன்று ஓநாய் மாதிரி, பக்கத்தில் அதன் கூடப்பிறந்தது தெருநாய் மாதிரி இருக்கும். எடை 20 முதல் 25 கிலோ. நிறத்தையும் காதையும் யாரும் பார்ப்பதில்லை. பாதம், பசி, மனசு, இந்த மூன்றும்தான் பார்ப்போம். சாப்பிட யோசிக்கும் நாய் தூர ஓட்டத்துக்கு உதவாது.

குட்டி பிறந்த மூன்றாம் நாளிலிருந்து பாதத்தைத் தொட்டுப் பழக்குவேன். விரல் இடுக்கில் என் விரலை விட்டு, பத்து எண்ணி விடுவேன். பின்னால் ஆயிரக்கணக்கான தடவை பூட்டி (பாதத்துக்குப் போடும் துணி உறை) மாட்ட அந்தக் காலை அது என்னிடம் கொடுக்க வேண்டுமே. இரண்டு மாதத்தில் காட்டில் அவிழ்த்துவிட்டு நடை. விழுந்த மரத்தை எப்படித் தாண்டுகிறது, ஓடைத் தண்ணீரைக் கண்டு என்ன செய்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஏழு, எட்டு மாதத்தில் முதல் ஹார்னெஸ். பாடம் நடத்துவது நான் இல்லை, பக்கத்தில் கட்டப்படும் வயசான நாய். போல்ட் முதல் நாள் ஓடும்போதே திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னமோ துரத்துகிறது என்று நினைத்திருப்பான். கோஹோ ஒருமுறை பக்கவாட்டில் உறுமினாள். அதற்கப்புறம் அவன் திரும்பவே இல்லை.

கோஹோ என் லீடர். அணியில் முன்னால் இரண்டு லீட், அடுத்த ஜோடி ஸ்விங், நடுவில் டீம், வண்டிக்கு நேர் முன்னால் வீல். வீலில் கனமும் பொறுமையும் வேண்டும், கிங் அங்கே. முன்னால் வேண்டியது தலை. கோஹோ 21 கிலோகூட இல்லை, ஒரு காது மடிந்திருக்கும். “ஜீ” என்று நான் வாய் திறப்பதற்குள் என் எடை வண்டியில் சாய்வதை வைத்தே திரும்பிவிடுவாள். அவளுடைய இழுகயிறு தளர்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவேன்.

29 டிசம்பர் 2023

மைனஸ் 34. மை பேனா உறைந்துவிட்டது, ஓட்டக் குறிப்பைப் பென்சிலில் எழுதினேன்.

பூட்டி மாட்டுவது எப்படி என்று கேட்டவருக்கு: அது முரட்டுத் துணியில் தைத்த சின்னப் பை, மேலே ஒட்டுப்பட்டை. பனித்துகள் விரலிடுக்கில் உருண்டையாகக் கட்டிப்போய் அறுக்காமல் இருக்கத்தான். கையுறையோடு மாட்ட முடியாது. நாயின் மேல் குனிந்து அதன் காலைப் பின்பக்கமாக மடக்கி, பையை நுழைத்து, பட்டையை மணிக்கட்டைச் சுற்றி ஒட்ட வேண்டும். இறுக்கினால் கால் வீங்கும், தளர்த்தினால் நூறடியில் கழன்றுவிடும். 12 நாய்க்கு 48. எட்டாவது நாயில் எனக்கு விரல் நுனி மரத்துவிடும். அப்போது கையை நாயின் அக்குளில் செருகிக்கொள்வேன். கிங் அதற்காகவே கையைத் தூக்கிக் கொடுப்பான். வேகமாக மாட்டினால் 15 நிமிடம். இன்று 24 ஆயிற்று.

இந்தக் குளிரில் ஓடும் நாய் ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை எரிக்கும், நம்மைப்போல நாலைந்து மடங்கு, நம்மில் மூன்றில் ஒரு பங்கு உடம்பில். அதனால்தான் கொழுப்பு. ஓடத் தொடங்கிய ஓரிரு நாளில் இவற்றின் உடம்பு கொழுப்பையே எரிபொருளாக எடுக்கப் பழகிக்கொள்கிறது. மனிதர்கள் நாளுக்கு நாள் களைத்துப்போகும் இடத்தில் இவை நாலாம் நாள் நிலைக்கு வந்துவிடும்.

16 ஜனவரி 2024

300 மைல் பந்தயம் முடித்துவிட்டு வந்தேன். இடிடராட்டுக்குத் தகுதி பெற வேண்டுமானால் இப்படிச் சிலவற்றை முடித்திருக்க வேண்டும். 12 நாயோடு கிளம்பி 11 நாயோடு முடித்தேன். பதினான்காம் இடம். வாழ்த்த வேண்டாம்.

வழியில் நின்று ஓய்வெடுக்கும் இடங்களைச் செக்பாயின்ட் என்போம். இரண்டாவது செக்பாயின்டுக்கு முன்னால் ஓர் இறக்கம். அதில் கோஹோவின் தலை லேசாக அசைந்தது. கீழே, மேலே, கீழே. நாய் ஒரு காலைக் காப்பாற்றி ஓடும்போது தலை அப்படித்தான் அசையும், பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பனி இளகியிருக்கிறது, கால் புதைகிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். இழுகயிறு விறைப்பாகவே இருந்தது.

செக்பாயின்டில் வைக்கோல் பரப்பிப் பூட்டி கழற்றும்போது வலது முன்கால் மணிக்கட்டு இடதைவிடச் சூடாக இருந்தது. என் உள்ளங்கையில் இருந்த சூடு இப்போதும் தெரிகிறது. மடக்கிப் பார்த்தேன். அவள் கத்தவில்லை, காலை இழுக்கவில்லை, உதட்டை மட்டும் நக்கினாள். தைலம் தேய்த்து உறை மாட்டினேன். அடுப்பில் பனியை உருக்கி எல்லோருக்கும் சோறு வைத்தேன். அவள் முழுக்கச் சாப்பிட்டாள். கால்நடை மருத்துவர் சுற்றி வந்தபோது, எந்த நாயைப் பற்றியாவது கவலை இருக்கிறதா என்று கேட்டார். “கோஹோவுக்கு வலது மணிக்கட்டு கொஞ்சம் இறுக்கம்” என்றேன். சூடு என்று சொல்லவில்லை. தலை அசைந்ததைச் சொல்லவில்லை. அவர் தொட்டுப் பார்த்த நேரத்தில் தைலமும் உறையும் வேலை செய்திருந்தன. கவனித்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குப் போனார்.

ஐந்து மணி நேரம் கழித்துப் பூட்டும்போது அவள்தான் முதலில் கத்தினாள், முதலில் குதித்தாள். பார், அவளுக்கே ஓட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கிருந்து 26 மைலில் மூன்று காலில் ஓடினாள். அப்போதும் இழுகயிறு விறைப்பாகவே இருந்தது.

வண்டிப் பைக்குள் படுக்க வைத்து அடுத்த செக்பாயின்ட் வரை 22 மைல் சுமந்துகொண்டு போனேன். முதல் ஐந்து மைல் பைக்குள்ளிருந்து அழுதாள், வலியால் இல்லை, முன்னால் மற்ற நாய்கள் ஓடுவதைப் பார்த்து. சாக்ஐயை முன்னால் போட்டு மீதி தூரத்தை முடித்தேன்.

நவம்பர் 5 அன்று நான் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஓட மனமில்லாத நாயை யாராலும் ஓட வைக்க முடியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. ஓட மனமுள்ள நாயை யாரும் ஓட வைக்கலாம், ஓடக்கூடாத நிலையிலும். அதன் ஆசையை எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். நிற்கும் நாய் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். கோஹோ மாதிரி நாய்க்கு நான்தான் நிற்க வேண்டும்.

பெரியவர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. “அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உன் காதிலும் விழுந்திருக்கிறது” என்றார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் அடுப்புப் பக்கத்தில் விட்டார்.

18 ஜனவரி 2024

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும்: எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநார் சுளுக்கு. இந்தப் பருவம் அவளுக்கு முடிந்தது. “எல்லோரும் செய்வதுதானே” என்று எழுதிய தங்கைக்கு: நல்ல மஷர்கள் செய்வதில்லை. பாதிப் பந்தயத்தில் நல்ல லீடரை இறக்கிவிட்டு இடத்தை இழந்தவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு நடைமுறையை மாற்றிக்கொண்டேன். மருத்துவர் வருவதற்கு முன் பென்சிலால் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும், நான் கண்டதை, நான் நினைத்ததை இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டிவிடுவது. வாயால் சொன்னால் கடைசி நொடியில் மழுப்பிவிடுகிறேன்.

2 பிப்ரவரி 2024

இன்றைய தேதிக்காகக் கொஞ்சம் விலகிப் போகிறேன். 1925இல் இதே நாளில்தான் அலாஸ்காவின் மேற்குக் கரையில் இருக்கும் நோம் நகருக்கு மருந்து வந்து சேர்ந்தது. ஊரில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நெனானா என்ற ஊர் வரைதான். அங்கிருந்து 674 மைலை 20 மஷர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதே வருடம் சிலை வைத்துவிட்டார்கள். ஆனால் அதிக தூரம் ஓடியது லியோன்ஹார்ட் செப்பாலா என்ற மஷரின் லீடர் டோகோ. மருந்தை எதிர்கொள்ளப் போனதும் திரும்பியதும் சேர்த்து 260 மைலுக்கு மேல். அப்போது டோகோவுக்கு 12 வயது. நார்ட்டன் சவுண்ட் கடல்பனி மேல் போய், அதே பனி மேல் திரும்பி வந்தார்கள்.

அந்த 20 பேரில் பலர் இங்கத்திய பழங்குடித் தபால்காரர்கள். அவர்கள் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. 1960களில் கிராமங்களில் ஸ்னோமெஷின் என்ற பனி மோட்டார் வண்டி வந்து நாய்கள் காணாமல் போகத் தொடங்கின. இந்த வழக்கம் அழிந்துவிடக் கூடாது என்று ஜோ ரெடிங்டன் முனைந்ததால்தான் 1973இல் நோம் வரையிலான முதல் இடிடராட் நடந்தது. முதலில் வந்தவருக்கே 20 நாள் பிடித்தது. 2017இல் மிட்ச் சீவி எட்டு நாள் மூன்று மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார்.

26 பிப்ரவரி 2024

எந்த வயதில் தொடங்கலாம் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருந்தது. இடிடராட்டுக்கு 18. அதற்கு முன் 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் இடிடராட், 1978 முதல் நடக்கிறது. சுமார் 150 மைல். நடுவில் யென்ட்னா ஸ்டேஷனில் பத்து மணி நேரம் கட்டாய ஓய்வு. பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது. வைக்கோல், சமையல், பாதம் எல்லாம் பிள்ளைகளே.

எங்கள் பக்கத்துக் கெனல் பையனுக்கு 16 வயது. பந்தயத்துக்கு முன்னால் அவனுக்கு நாய்களைப் பூட்ட உதவினேன். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தன் பத்து நாயில் ஒன்றை அவிழ்த்துப் பெட்டி வண்டியில் திரும்ப ஏற்றினான். ஏன் என்று கேட்டேன். “காலையில் சூப் குடிக்கவில்லை அக்கா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த நாய் ஊரே கேட்கக் கத்தியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த நாய்க்குப் பூட்டி மாட்டத் தொடங்கிவிட்டான். ஒன்பது நாயோடு போய் முடித்துவிட்டு வந்தான். எத்தனாவது இடம் என்று நான் கேட்கவில்லை.

14 மார்ச் 2024

இடிடராட்டில் டல்லஸ் சீவி ஆறாவது முறையாக வென்றிருக்கிறார். அவருக்கு முன் யாரும் ஆறு வென்றதில்லை. 18 வயதில் முதல் ஓட்டம், 25 வயதில் முதல் வெற்றி, இங்கே இளைய மஷர்கள் எல்லோரும் அந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் தங்கள் வயதைக் கணக்குப் பார்க்கிறோம். இந்த முறை அவருக்கு வழியில் கடமான் மாதிரியான மூஸ் குறுக்கே வந்து ஒரு நாயைக் காயப்படுத்தியது. சுட வேண்டியதாயிற்று. சுட்டால் குடலை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும், இறைச்சி வீணாகக் கூடாது என்பது விதி. சரியாகச் செய்யவில்லை என்று இரண்டு மணி நேரம் தண்டம் போட்டார்கள்.

வெற்றிக்கு வாழ்த்துப் போடும் இதே பதிவில் இதையும் எழுத வேண்டும். இந்தப் பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன. மூஸ் அடித்து இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தன. பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு நாய்க்கும் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கிறார்கள். வழியெல்லாம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 24 மணி நேர ஓய்வும் இரண்டு எட்டு மணி நேர ஓய்வும் கட்டாயம். இத்தனையும் இருந்தும் மூன்று.

நவம்பரில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால் நானும் நேராகச் சொல்கிறேன். இதை விட்டுவிடப் போவதில்லை. எனக்கு மூச்சு எப்படியோ அப்படித்தான் இந்த நாய்களுக்கு ஓட்டம். ஆனால் ஒரு நாய் செத்தால் “அதற்குப் பிடித்ததைச் செய்துகொண்டே செத்தது” என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. முன்பு நானும் தலையாட்டுவேன். இனி அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன். இந்த வருடம் பரிசுத் தொகையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது ஓய்வு நேரத்தைக் கூட்டுவது பற்றிப் பேசினால் தேவலை. அப்படிப் பேசும் மஷர்கள் இருக்கிறார்கள், நான் அவர்கள் பக்கம்.

9 ஏப்ரல் 2024

கோஹோ எப்படி இருக்கிறாள் என்று தினம் ஒருவர் கேட்கிறீர்கள்.

பிப்ரவரி முழுக்க அடுப்புப் பக்கம். மார்ச்சில் கயிற்றில் பிடித்து நடை, பிறகு அவிழ்த்துவிட்டு நடை. ஏப்ரல் முதல் வாரம் மருத்துவர் மடக்கிப் பார்த்துவிட்டு, குறைந்த தூரம் ஓடலாம் என்றார். மூன்று நாள் நாலு நாயோடு மூன்று மைல். மணிக்கட்டு குளுமையாகவே இருந்தது. நேற்று 12 மைல் போகலாம் என்று எட்டுப் பேரைப் பூட்டினேன். பனி இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும், இந்தப் பருவத்தின் கடைசி நீண்ட ஓட்டம்.

ஹார்னெஸ் மாட்டினேன். வழக்கம்போலக் கத்தினாள், குதித்தாள். கையுறையைக் கழற்றி வலது மணிக்கட்டைப் பிடித்தேன். பிறகு இடது. திரும்ப வலது. சூடு என்று சொல்ல முடியாது, குளுமை என்றும் சொல்ல முடியாது. குறிப்பேட்டை எடுத்துப் பென்சிலால் “வ. மு. கால், சந்தேகம்” என்று எழுதினேன். எழுதிய பிறகு வேறு வழி இல்லை. ஹார்னெஸை அவிழ்த்து அவளைப் பெட்டிக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். போல்ட்டை சாக்ஐக்குப் பக்கத்தில் முன்னால் போட்டேன், அவனுக்கு அது முதல் தடவை.

முற்றத்தை விட்டுக் கிளம்பி ஆற்று வளைவு வரை அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. போல்ட் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். “ஹா” சொன்ன இடத்தில் “ஜீ” பக்கம் போய் எல்லோரையும் கயிற்றில் சிக்க வைத்தான். அவிழ்க்க இருபது நிமிடம்.

திரும்பி வந்து எல்லோருக்கும் உறைந்த சால்மன் துண்டு கொடுத்தேன். கோஹோ பெட்டிக்குள் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மடிந்த காது மட்டும் அசைந்தது. துண்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதும் அங்கேயே கிடந்தது.

இன்று காலை சூப்போடு போனேன். சால்மன் துண்டைக் காணவில்லை. சூப்பைக் குடித்துவிட்டு, கேட்காமலேயே வலது காலைத் தூக்கி என் கையில் வைத்தாள். குளுமையாக இருந்தது.